இருபத்தாறு புள்ளி எட்டில் ஒரு திருப்பம்

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு எதிர்க்காற்றுதான் பெரிய எதிரி என்று சொல்வார்கள். எனக்கு எதிர்க்காற்றோடு ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. காற்று முகத்தில் அடிக்கும், தொடையை நோக வைக்கும், ஆனால் வழி நெடுகக் கதை பேசிக்கொண்டு கூட வராது.

என் கால் ஆடுவதை நீங்கள் இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டீர்கள், மேடம். பயத்தில் ஆடவில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவர்கள், என் காலால் தங்கள் கையெழுத்து கெட்டுப்போனதாக வாத்தியாரிடம் புகார் சொல்லியிருக்கிறார்கள். இந்த அறையில் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை 'டிக்' என்கிறது. உங்களுக்குப் பழகிவிட்டது. நான் உள்ளே வந்ததிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். நிமிஷத்துக்குத் தொண்ணூற்று நாலு.

என் மைத்துனனைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலில் ரோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரோடு புரியாவிட்டால் நான் ஏதோ கெட்ட எண்ணத்தில் செய்தேன் என்று எழுதிவிடுவீர்கள்.

நான் தானியக் கிடங்கில் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக. மூட்டை ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும், நான் எடையைச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும், மறுபடி எழுதுவேன். என் அறை எட்டடிக்கு ஆறடி. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினால் லாரியின் சக்கரம். அறுவடைக் காலத்தில் ஒரு நாளைக்கு நூற்றெழுபது லாரி. ஒவ்வொன்றும் ஓடிக்கொண்டேதான் நிற்கும், என்ஜினை அணைக்கச் சொன்னால் டிரைவர்களுக்குக் கோபம் வரும். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நடுக்கம் என் பல்லில் இருக்கும். ஒன்று மட்டும் அங்கே கற்றுக்கொண்டேன். சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் எடை. கண்ணுக்கு வண்டி சாய்ந்து தெரிந்தாலும், டிரைவர் தலையில் அடித்துக்கொண்டாலும், சீட்டுதான் கடைசி வார்த்தை.

சைக்கிள் சங்கத்தில் என்னை எல்லோரும் 'தாள்காரர்' என்பார்கள். சங்கம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள், சைக்கிள் கடையின் பின்னறையில் மாதம் ஒரு தடவை கூடுகிற ஏழு பேர். ஊரைச் சுற்றி நான்கு பக்கமும் வயல்வெளி. மேடு பள்ளம் கிடையாது. சோளம், சூரியகாந்தி, கால்வாய், மறுபடி சோளம். அந்த வெளிக்குள் ஓடுகிற சின்னச் சின்ன ரோடுகளில் எது அமைதியானது என்று கண்டுபிடித்து, அதற்கு வழித்தாள் எழுதுவது என் பொறுப்பு. நல்ல தாள்களைச் சேர்த்து வருஷத்துக்கு ஒரு வழிப் புத்தகம் போடுவோம்.

நான் அதை ஒழுங்காகச் செய்தேன். ஒரு ரோட்டின் ஓரத்தில் சரியாக ஒரு மணி நேரம் நின்று போகிற வண்டிகளை எண்ணுவேன். ஐந்துக்குக் கீழே என்றால் பச்சை, இருபதுக்குக் கீழே மஞ்சள், அதற்கு மேலே சிவப்பு. எண்ணுகிறவன் அந்த ஒரு மணி நேரம் முடிகிறவரை இடத்தை விட்டு அசையக் கூடாது என்பது நான் வைத்த விதி. திருப்பங்களுக்குத் தூரம் எழுதுவேன். சோளம் ஆளுயரத்துக்கு நிற்கிற வெளியில் அடையாளம் சொல்ல மரமோ வீடோ இருக்காது. அதனால் சக்கரத்துக் காந்தத்தை வைத்துத் தூரம் காட்டும் சின்ன மீட்டரைப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். கிலோமீட்டர் இத்தனையில் இடது, இத்தனையில் வலது. பக்கத்தில் குறிப்புக்கு ஒரு கட்டம்.

இன்னொரு விதியும் உண்டு, அதுதான் உங்களுக்கு முக்கியம். புத்தகத்தில் சேர்க்கும் முன் ஒவ்வொரு தாளையும் அந்த வழி தெரியாத ஒருவர் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். 'தாள் ஓட்டம்' என்போம். போன் அணைத்துப் பையில் இருக்க வேண்டும். யாரிடமும் வழி கேட்கக் கூடாது. தாள் தப்பு என்று தோன்றினால் நிற்கலாம், பென்சிலால் குறிப்பு எழுதலாம், ஆனால் தாள் சொன்னபடிதான் திரும்ப வேண்டும். ஒரு தடவை கடைக்காரர் என் தாளில் இருந்த பிழையை மனதுக்குள்ளேயே திருத்திக்கொண்டு சமர்த்தாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மற்ற ஆறு பேரும் ஒரு செங்கல் சூளைக்குள் போய் நின்றோம். அதற்குப் பிறகு வந்த விதி அது. நான் முன்மொழிந்தேன், எல்லோரும் கை தூக்கினார்கள்.

இப்போது அந்த ரோடு. ஊரிலிருந்து பதினோராவது கிலோமீட்டரில் கால்வாய் இரண்டாகப் பிரிகிறது. இரண்டு கால்வாய்க்கும் நடுவே, பதினாறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே, கோடு கிழித்தது போல நேராக ஒரு ரோடு. ஒரு வீடு இல்லை. முதல் தடவை போனபோது ஒன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு டிராக்டர் வந்தது, அதுவும் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றது. திரும்பி வரும்போது ஒன்றைக் கவனித்தேன். நின்று தண்ணீர் குடித்தேன், கால் ஆடவில்லை. நாற்பத்தோரு வயதில் முதல் தடவையாக என் கால் சும்மா இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த ரோட்டுக்கு நான் தாள் எழுதவில்லை. சங்கத்தில் யாரோ பெயரைச் சொன்னபோது, மணிக்கு முப்பத்தொரு வண்டி, சிவப்பு என்று எழுதிக் கொடுத்தேன். பொய் என்று நினைக்காதீர்கள். பச்சை என்று போட்டால் அங்கே எத்தனை பேர் வருவார்களோ அந்தக் கணக்கை முன்கூட்டியே எழுதினேன், அவ்வளவுதான்.

ஆறு வருஷம் அது என்னுடையதாக இருந்தது. வாராந்திர விடுமுறையில் விடிந்ததும் போவேன், ஒன்பது மணிக்கு வருவேன். பத்தொன்பதாவது கிலோமீட்டரில் மட்டும் ஒரு விவசாயி டீசல் என்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அதன் சத்தம் இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் கேட்கும். ஒரு பருவம் முழுக்கப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த பருவத்தில் எண்ணெய் ஊற்றுகிற இடத்தில் இரண்டு கைப்பிடி மணல் போட்டேன். நாற்று காய்ந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் நிலத்தைப் போட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது அந்த இடம் தரிசாகக் கிடக்கிறது, நிறையக் குருவிகள் வருகின்றன.

சங்கத்தில் ஒரு டீச்சர் இருந்தார். புதிது புதிதாக ரோடு தேடுவதில் அவருக்கு ஆசை. கால்வாய் பிரிகிற இடம்வரை இரண்டு ஞாயிறு வந்துவிட்டார். மூன்றாவது ஞாயிறுக்கு நான் அங்கே கொஞ்சம் முள் வெட்டிப் போட வேண்டியதாயிற்று. பஞ்சர் ஆகித் திரும்பிவிடுவார் என்று எண்ணினேன். விழுந்து காறை எலும்பு முறியும் என்று நான் எண்ணவில்லை. அவர் டயரை நான்தான் ஒட்டிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிப் போனேன். அவர் இப்போது சைக்கிளைத் தொடுவதில்லை.

இனி மைத்துனன்.

என் மனைவிக்கு ஒரே தம்பி. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, அதாவது பேசுவதற்குச் சம்பளம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி அவனை விட்டுப் போனபோது, இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்தான். கூடாரத்துக்குள் ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதைதான். முன்னறை அவனுடையதாயிற்று. டிவி அவனுடையதாயிற்று. போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவான், குளிக்கும்போதும் பேசுவான். என் மனைவி சிரிப்பாள். "வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்" என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள்.

அவன் கெட்டவன் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் நியாயமாகவே சொல்கிறேன். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினெட்டு நாள் என் பக்கத்தில் தரையில் படுத்தான். என் ஈரத் துணிகளைத் துவைத்தான். நான் காய்ச்சலில் பிதற்றியபோது இவனைத்தான் திட்டினேனாம், அதையும் சிரித்துக்கொண்டே வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னான். உடம்பு தேறியதும் எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று அவனும் ஒரு சைக்கிள் வாங்கிவிட்டான். அதில் பித்தளை பெல் ஒன்றை மாட்டினான். மாட்டைக் கண்டால் அடிப்பான், கொக்கைக் கண்டால் அடிப்பான், ஒன்றுமே இல்லாவிட்டால் ரோடு காலியாக இருக்கிறதே என்று அடிப்பான். மூன்று மாதத்தில் சங்கத்தில் அவன் பெயர் 'பெல்காரன்'. ஒரு வருஷத்தில் ஏழு பேர் இருந்த சங்கம் தொண்ணூறு பேர் ஆனது. எல்லாம் அவன் வாய். கடையின் பின்னறை போதாமல் கூட்டத்தைத் தெருவில் நடத்தினார்கள்.

அவனுக்கு ஒரே குறை, எங்கள் வெளியில் இறக்கம் கிடையாது. "ஒரு தடவையாவது பெடலை விட்டுட்டுச் சும்மா உட்கார்ந்து போகணும் அத்தான், இங்க எல்லாம் உழைச்சுதான் நகர வேண்டியிருக்கு" என்பான். இதைக் குறைந்தது இருநூறு தடவை சொல்லியிருப்பான்.

கொஞ்ச நாட்களுக்கு முன்னால் என் மனைவிக்கு ஒரு கவலை வந்திருக்கிறது. விடுமுறைதோறும் நான் எங்கே போகிறேன், ஏன் தனியாகப் போகிறேன், மயங்கிக் கியங்கி விழுந்தால் யார் தூக்குவது என்று. என்னைக் கேட்கவில்லை. தம்பியை அனுப்பினாள். அன்று காலை நான் பதினைந்தாவது கிலோமீட்டரில் இருந்தேன். வெயில் இன்னும் ஏறவில்லை. சோளத் தோகைகூட அசையவில்லை. எனக்குப் பின்னால் பெல் அடித்தது.

நான் சைக்கிளை நிறுத்தினேன். அவன் மூச்சு வாங்க வந்து என் பக்கத்தில் காலை ஊன்றினான். முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தான், இது என்ன ரோடு! சொர்க்கம்ல இது?" என்றான். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "சிவப்புன்னு போட்டிருந்தீங்களே?" என்று கேட்டான்.

அப்போது வண்டி போகும், இப்போது குறைந்துவிட்டது என்றேன். அவன் அதை அப்படியே நம்பினான். என்ன சொன்னாலும் நம்புகிறவன்.

"இவ்வளவு நல்ல ரோட்ட நீங்க மட்டும் வச்சுக்கிட்டா எப்படி? எல்லாருக்கும் காட்டணும். நம்ம வருஷாந்திர ஓட்டம் இங்கதான். உங்க பேர்ல போடுவோம், தாள்காரர் ரோடுன்னு."

அதைப் பாசத்தோடுதான் சொன்னான். எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் அவன் எழுந்து பேசினான். முந்நூறு பேர், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல், ஒலிபெருக்கி, முன்னால் ஒரு ஜீப். எல்லோரும் கை தட்டினார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்து, தாளை நீங்கள்தான் எழுத வேண்டும் என்றார். தாள் ஓட்டம் யார் என்று கேட்டபோது இவன் கையைத் தூக்கினான். வழி தெரிந்தவன் ஓட்டக் கூடாதே என்றேன். நான்கு கிலோமீட்டர்தான் பார்த்திருக்கிறான், மிச்சம் தெரியாதே என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நான் மறுத்துப் பார்த்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளை எடைமேடையில் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு வரி, அடுத்த இரண்டு லாரிக்கு நடுவே இன்னொரு வரி. எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை. அறையில் உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நின்றேன். டிரைவர்கள் என் மேஜை ஆடுவதைப் பார்த்து, ஐயா, எடை சரியாத்தானே விழுது என்று கேலி செய்தார்கள்.

அந்த ரோடு முடிகிற இடத்தில் வலது பக்கம் திரும்பினால் பெரிய வடிகால் கால்வாய்க்கு மேலே புதுப் பாலம். அது 27.3. அதற்கு அரைக் கிலோமீட்டர் முன்னால், 26.8-இல், இன்னொரு வலது திருப்பம் இருக்கிறது. அது பழைய பாதை. கால்வாயின் மட்டத்துக்குச் சரிந்து இறங்கும், கடைசியில் ஒரு தாழ்ந்த பாலம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை இடித்துவிட்டார்கள். இப்போது ரோடு இருநூறு மீட்டர் இறங்கி, அப்படியே முடிந்துவிடும். கீழே சிமெண்டுச் சுவர், பதினைந்தடி ஆழம், அதில் பாதி தண்ணீர். நம் வெளியில் உண்மையான இறக்கம் என்றால் அது ஒன்றுதான்.

நான் 26.8 என்று எழுதினேன். குறிப்புக் கட்டத்தில், 'நல்ல இறக்கம். பிரேக் தேவையில்லை' என்று எழுதினேன். அவன் எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

என் டைரி உங்கள் கைக்கு வந்ததிலிருந்துதான் இந்த வழக்கே ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். அதில் 27.3 என்று சரியாக இருக்கிறது. தாளில் வேறு எண், டைரியில் வேறு எண். என்னைச் சந்தேகப்பட உங்களுக்கு வேறு எதுவும் தேவைப்பட்டிருக்காது. தப்பான எண்ணை என் டைரியில் எழுதி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பழைய பாதையின் வாயில் தடுப்பு இருந்ததே என்று கேட்பீர்கள். இருந்தது. சிமெண்டு நிரப்பிய இரண்டு டிரம், குறுக்கே ஓர் இரும்புக் குழாய், ஒரு சிவப்புப் பலகை. குழாய் துருப்பிடித்து எப்படியும் விழுகிற நிலையில்தான் இருந்தது. வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அதை எடுத்துச் சோளத்துக்குள் போட்டேன். பலகையைத் திருப்பி வைத்தேன். டிரம்களைத் தொடவில்லை. அவை இரண்டுக்கும் நடுவே ஒரு சைக்கிள் தாராளமாகப் போகலாம்.

ஞாயிறு காலை அவன் ஐந்தரைக்கே எழுந்துவிட்டான். என் மனைவி அவனுக்கு பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டான். காதில் பென்சில். பனி இறங்கியிருந்தது, வாசலிலிருந்து எதிர் வீடு தெரியவில்லை. நம் பக்கத்தில் இந்த மாதங்களில் எட்டு மணிவரை அப்படித்தான் இருக்கும்.

"பனி ஜாஸ்தியா இருக்கே, அடுத்த வாரம் போனா என்ன?" என்று என் மனைவி கேட்டாள்.

"அத்தான் தாள் இருக்கும்போது கண்ணு எதுக்குக்கா?" என்றான் அவன்.

நான் அவனுக்கு டயரில் காற்று அடித்துக் கொடுத்தேன். பாலத்துக்கான வண்டி எண்ணிக்கை இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லி, நானும் கிளம்பினேன். கால்வாயின் மறு கரை வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். ஏழு மணிக்குப் புதுப் பாலத்தில் நின்றுகொண்டு நேரத்தைக் குறித்தேன். ஏழிலிருந்து எட்டு வரை.

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?" என்று நீங்கள் முதல் நாள் கேட்டபோது, பாலத்தில் வண்டி எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூட மாற்றமில்லை.

ஏழு பன்னிரண்டுக்கு பெல் கேட்டது. அந்தப் பனியில், அந்த வெளியில், சத்தம் வெகு தூரம் வரும். பிறகு நின்றது. ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை, பார்த்துவிட்டானோ என்று நினைத்தேன். இப்போது உங்கள் மேஜையில் இருக்கும் தாளைப் பார்த்தால் புரிகிறது. தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வருகிறது, எடைமேடையில் பழகிய பழக்கம். நின்று பென்சிலால் எழுதியிருக்கிறான். '26.8. திருப்பம் சந்தேகம். பாதையில் புல் மண்டிக் கிடக்கு. அத்தான் தப்பா எழுத மாட்டாரு. திரும்புறேன்.'

விதிப்படி குறிப்பில் ரோட்டைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும். மூன்றாவது வாக்கியம் அங்கே வந்திருக்கக் கூடாது. அதை நான் அவனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

பிறகு மறுபடி பெல் அடித்தது. விடாமல் அடித்தான், இறங்குகிற சந்தோஷத்தில். அப்புறம் அடிக்கவில்லை.

விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அது உண்மை. அவன் கூப்பிட்டதுதான் கேட்டது. யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால் ஐயோ என்றோ அக்கா என்றோ கூப்பிட்டிருக்கலாம். அவன் அத்தான் என்று கூப்பிட்டான். நான் அங்கே நிற்பது அவனுக்குத் தெரிய வழியில்லை. பாலத்தில் எண்ணப் போகிறேன் என்று அவன் கிளம்பிய பிறகுதான் என் மனைவியிடம் சொன்னேன். தாள் எழுதியவனுக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்திருக்கும் என்று நினைத்தானோ என்னவோ. அந்தச் சுவரில் பிடித்து ஏற ஒன்றும் கிடையாது. எங்கோ ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பதினோரு நிமிஷம் கூப்பிட்டான்.

பாலத்தில் என் சைக்கிள் கேரியரில் இருபதடி நைலான் கயிறு இருந்தது. எப்போதும் இருக்கும். சைக்கிளில் போனால் இரண்டு நிமிஷம். எண்ணுகிறவன் இடத்தை விட்டு அசையக் கூடாது என்பதை முன்பே சொன்னேன். அது நான் வைத்த விதிதான். ஆனால் வைத்தவனே மீறினால் மற்றவர்கள் எப்படி மதிப்பார்கள்?

ஏழு இருபத்தைந்துக்குச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு முப்பத்தைந்து நிமிஷம் மீதி இருந்தது. ஒரு கொக்கு வந்து பாலத்துக் கைப்பிடியில் உட்கார்ந்து எழுந்து போனது. நான் குனிந்து பார்த்தேன். என் கால் ஆடவில்லை.

எட்டு மணிக்கு எழுதி முடித்தேன். லாரி இல்லை, டிராக்டர் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை. சைக்கிள் ஒன்று என்று முதலில் எழுதினேன். பாலத்தைக் கடக்காததால் பிறகு அதை அடித்துவிட்டேன். அந்த அடித்தலைப் பார்த்து நீங்கள் என்னிடம் நிறையக் கேள்வி கேட்டீர்கள். காரணம் அதுதான்.

மதகுக் காவல்காரர் பத்து மணிக்கு சைக்கிளைப் பார்த்தார். அவனை மத்தியானம் எடுத்தார்கள். சங்கத்திலிருந்து தொண்ணூறு பேரும் வந்தார்கள். டீச்சரும் வந்தார். ஒரு தெரு முழுக்க ஆட்கள், ஆனால் யாரும் பேசவில்லை. எனக்கு அந்த வீட்டில் நாலு வருஷத்தில் கிடைக்காத அமைதி அன்று கிடைத்தது, அதை அனுபவிக்கத்தான் முடியவில்லை. என் கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்து இரண்டு பேர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள், துக்கத்தில் நடுங்குகிறேன் என்று நினைத்து.

என் மனைவி மூன்றாம் நாள்தான் பேசினாள். முன்னறையில் அவன் படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். அந்த பிளாஸ்க் மடியில் இருந்தது.

"நீங்க பாலத்துலதானே இருந்தீங்க. அவன் கத்தினானா?"

"இல்ல. ஒரு சத்தமும் கேக்கல" என்றேன்.

அவள் பிளாஸ்கைக் கீழே வைத்தாள். "அவன் கத்தாம இருக்க மாட்டானே" என்றாள். பிறகு எழுந்து போனாள். என் டைரியை உங்களிடம் கொண்டுவந்தது அவள்தான். அவள் கொண்டுவந்தாள் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் அதன் மேல் டீக்கறை இருக்கிறது. என் டைரியில் நான் கறை பட விட மாட்டேன்.

அவளிடம் சொன்னது பொய்தான். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அது, அதுவும் அவள் மனம் நோகக் கூடாதே என்பதற்காக.

நேராகவே எழுதிக்கொள்ளுங்கள். 26.8 என்று தெரிந்தே எழுதினேன். குழாயை எடுத்ததும் பலகையைத் திருப்பியதும் நான். அவன் கூப்பிட்டது கடைசிவரை எனக்குக் கேட்டது. நான் போகவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். கடைக்காரரிடம் சொல்லி, இந்த வருஷப் புத்தகத்தில் அந்த ரோட்டைச் சிவப்பில் போடச் சொல்லுங்கள். ஆள் செத்த ரோடு, ஆபத்தானது. சங்கத்தில் சின்னக் குழந்தைகள்கூட இப்போது ஓட்டுகிறார்கள், அவர்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கு எத்தனை வருஷம் போடுவார்கள் என்று தெரியவில்லை. நான் வெளியே வருகிறவரை அங்கே யாரும் போகாமல் இருந்தால் போதும்.